நாடகமும் நடனமும் பல்கலைக்கழகத்தில் படிக்கலாமா? சிங்கப்பூர்த் தமிழ்ப் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

ஏ நிலைத் தேர்வு முடிவுகள் பிப்ரவரிக் கடைசியில் வரும். அன்று சாயங்காலத்திலிருந்தே என் கைப்பேசி சிணுங்கத் தொடங்கிவிடும். நான் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தவள், இப்போது மேடை மேலாளராக வேலை பார்க்கிறேன் என்பது சொந்தக்காரர்களுக்கும் அவர்களுடைய சொந்தக்காரர்களுக்கும் தெரியும். ஆண்டுதோறும் அதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்பி அலுத்துவிட்டதால் ஒரேயடியாக எழுதி வைக்கிறேன்.

சிங்கப்பூரில் இதையெல்லாம் எங்கே படிக்கலாம்?

பட்டப்படிப்பு என்றால் முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. இதைக் குழப்பிக்கொண்டு விண்ணப்பிப்பவர்கள்தான் முதல் பருவத்திலேயே "நான் நினைத்தது இது இல்லையே" என்று அழுவார்கள்.

ஒன்று, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், அதாவது என்யுஎஸ். அங்கே நாடகம், நிகழ்த்துகலை ஆய்வு என்ற பாடப்பிரிவு 1992இல் தொடங்கியது. ஆங்கிலம், மொழியியல், நாடகம் மூன்றையும் சேர்த்த துறைக்குள் அது இருக்கிறது. மற்றொன்று, சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம். லாசால் கலைக் கல்லூரியும் நன்யாங் நுண்கலைக் கழகமும் (எல்லாரும் நாஃபா என்றுதான் சொல்வார்கள்) சேர்ந்து உருவானது. முதல் மாணவர்கள் 2024 ஆகஸ்ட்டில் சேர்ந்தார்கள்.

பட்டம் வேண்டாம், பயிற்சி போதும் என்பவர்களுக்கு டிப்ளோமாக்கள் இருக்கின்றன. இன்னும் சின்ன வயது என்றால் சோட்டா எனப்படும் கலைப் பள்ளி. உயர்நிலை 1 முதல் ஆறு ஆண்டுகள், முடிவில் ஐபி எனப்படும் அனைத்துலகப் பட்டயத் தேர்வு. ஆனால் அதற்குத் தொடக்கநிலை 6இலேயே விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளை ஜேசிக்கு (தொடக்கக் கல்லூரிக்கு) போன பிறகு அதைப் பற்றிக் கேட்டு என்ன பயன்?

என்யுஎஸ்ஸில் நடிக்கச் சொல்லித் தருவார்களா?

கொஞ்சம். ஆனால் அதற்காக அங்கே போகாதீர்கள்.

அது படிக்கிற இடம், எழுதுகிற இடம். நாடக வரலாறு, ஆசிய நாடக மரபுகள், ஒரு நிகழ்ச்சியை எப்படிப் பார்ப்பது, எப்படிப் பிரித்து ஆராய்வது, ஒரு பிரதி மேடைக்கு வரும்போது அதற்கு என்ன நேர்கிறது என்று போகும். இடையிடையே செய்முறை வகுப்புகளும் உண்டு. எல்லாரும் சேர்ந்து ஒரு நாடகத்தைத் தயாரித்து மேடையேற்றும் பாடமும் உண்டு. ஆனால் மதிப்பெண்ணில் பெரும்பகுதி கட்டுரைக்குத்தான் போகும். நான் நான்கு ஆண்டுகளில் நடித்ததைவிட அடிக்குறிப்பு போட்டதுதான் அதிகம்.

சேர்வதற்கு ஆடிஷன் கிடையாது. மனிதவியல், அறிவியல் கல்லூரியில் சேர்ந்துவிட்டு முதன்மைப் பாடத்தைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம். அதனால் வரலாறோ சமூகவியலோ படிக்கலாம் என்று உள்ளே போய், அறிமுகப் பாடத்தை ஒரு பருவம் எடுத்துப் பார்த்துப் பிடித்துப்போய் இந்தப் பக்கம் வந்தவர்கள் நிறையப் பேர். நானே அப்படி வந்தவள்தான். அம்மாவிடம் மூன்றாவது பருவத்தில்தான் சொன்னேன்.

கலைப் பல்கலைக்கழகம் புதிதாயிற்றே, அந்தப் பட்டத்துக்கு மதிப்பு உண்டா?

பெயர்தான் புதிது. நாஃபா 1938இல் தொடங்கியது. லாசால் 1984இல் பிரதர் ஜோசப் மெக்நாலி தொடங்கியது. ரோச்சோர் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கறுப்புப் பாறைகளைப் பிளந்தாற்போல் நிற்கும் அந்தக் கட்டடம் இருக்கும் தெருவுக்கும் அவர் பெயர்தான். தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம்.

மாறியது என்னவென்றால், பட்டத்தாளில் இருக்கும் பெயர். முன்பு லாசாலில் படித்தால் லண்டன் பல்கலைக்கழகத்தின் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி வழியாகப் பட்டம் வரும். இப்போது உள்ளூர்ப் பெயரிலேயே வருகிறது. கல்வி அமைச்சின் ஆதரவும் இருக்கிறது. இரண்டு கல்லூரிகளும் தனித்தனியாகவே இயங்குகின்றன. எனவே "கலைப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறேன்" என்பதோடு நிறுத்தாமல் லாசாலா நாஃபாவா, அதில் எந்தப் பாடம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். லாசாலில் நடிப்புக்கும் இசைநாடகத்துக்கும் தனித்தனிப் பட்டங்கள் இருக்கின்றன. இங்கே ஆடிஷன் உண்டு, அதுதான் எல்லாம். ஏ நிலையில் எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கியிருந்தாலும் ஆடிஷனில் உடம்பு பேசவில்லை என்றால் கதவு திறக்காது.

என் மகள் பத்து ஆண்டுகளாகப் பரதம் ஆடுகிறாள், அரங்கேற்றமும் முடிந்தது. நடனப் படிப்பில் சுலபமாக இடம் கிடைக்குமா?

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். அரங்கேற்றத்துக்கு எவ்வளவு செலவானது என்பதையும் சேர்த்தே சொல்வார்கள்.

முதலில் நல்ல செய்தி. பத்து ஆண்டுகள் ஆடிய பிள்ளையிடம் சில விஷயங்கள் ஊறியிருக்கும். தாளம் உடம்பில் இருக்கும். ஒரே அடவை, அதாவது அடிப்படை ஆட்ட அசைவை, நூறு முறை செய்யச் சொன்னாலும் முகம் சுளிக்காது. முகபாவத்தில் ஒரு கதையைச் சொல்லத் தெரியும். மற்ற மாணவர்கள் முதலாண்டில் திணறும் இடம் இது.

இனி மற்றொரு பக்கம். இங்கே கல்லூரி அளவில் சொல்லித் தரும் நடனத்தின் அடிப்படை தற்கால நடனமும் பாலேயும். என்னுடைய தோழி ஒருத்தியின் முதல் வகுப்பை நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கி நிற்கும் அரைமண்டியில், முதுகு நேராக, அம்பு மாதிரி நின்றாள். ஆசிரியர் "உடம்பைத் தளர்த்து, தரையில் விழு, உருண்டு எழுந்திரு" என்றார். அவளால் விழவே முடியவில்லை. விழக் கூடாது என்றுதான் பத்து ஆண்டுகளாக அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்! அப்புறம் தட்டும் சத்தம். அந்தத் தரை மரத்தால் ஆனது, உள்ளே கொஞ்சம் துள்ளும். குதித்து இறங்குபவர்களின் முழங்காலைக் காப்பாற்றுவதற்காக அப்படி அமைப்பார்கள். அதன் மேல் அவள் தட்டடவு ஒன்று போட்டதும் அறையே அதிர்ந்து எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இவளோ எட்டு வயதிலிருந்து புளோக் கீழ்த்தளத்து சிமெண்டிலும் சமூக மன்றத்து ஓட்டுத் தரையிலும் தட்டிப் பழகியவள். மூன்று மாதம் கழித்துச் சொன்னாள்: "அக்கா, எனக்குப் பாதத்தை மெதுவாக வைக்கவே தெரியாதுன்னு இப்பதான் தெரியுது."

அவள் அந்தப் படிப்பை விடவில்லை. பரதத்தையும் விடவில்லை. ஆனால் அரங்கேற்றச் சான்றிதழைக் காட்டினால் உள்ளே விட்டுவிடுவார்கள் என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஆடிஷனுக்கு முன்னால் ஆறு மாதமாவது ஒரு தற்கால நடன வகுப்புக்கு அனுப்புங்கள். அங்கேயும் அவளுக்குப் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் அதுவே ஒரு பதில்தான்.

அப்படியானால் பரதநாட்டியத்திலேயே பட்டம் வாங்க முடியாதா?

இங்குள்ள பல்கலைக்கழகங்களில் முடியாது. சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் (1949இல் தொடங்கியது) போன்ற இடங்களில் படிப்படியாகத் தேர்வெழுதி டிப்ளோமா வரை போகலாம். முழுநேரமாக வேண்டும் என்பவர்கள் சென்னைக்குப் போகிறார்கள். கலாக்ஷேத்திராவில் நான்கு ஆண்டு டிப்ளோமா. இங்கே அப்சரஸ் ஆர்ட்ஸ் நடன அமைப்பைத் தொடங்கிய நீலா சத்யலிங்கம் அங்கே படித்தவர்தான்.

ஆடிஷனில் தமிழில் பேசிக் காட்டலாமா?

பாடம் நடப்பது ஆங்கிலத்தில், தேர்வு செய்பவர்களும் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். கேட்டதை ஆங்கிலத்தில் ஒழுங்காகத் தயார் செய்யுங்கள். "வேறு ஏதாவது காட்ட விரும்புகிறாயா?" என்று கேட்டால் அப்போது தமிழை எடுக்கலாம். அதற்கு ஒரு சின்னப் பகுதியைக் கையில் வைத்திருப்பது புத்திசாலித்தனம். தமிழ் தெரியாதவர் முன்னால் தமிழில் பேசும்போது குரலும் உடம்பும் மட்டும்தான் வேலை செய்யும். நன்றாகச் செய்தால் அது பளிச்சென்று தெரியும். யூடியூபில் பார்த்த சினிமா வசனத்தை மட்டும் வேண்டாம். அந்த நடிகர் உங்கள் தொண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டார்.

தமிழ்ப் பிள்ளைக்கு அங்கே என்ன இருக்கிறது? எல்லாம் ஆங்கிலமும் சீனமும்தானே?

நாஃபாவில் சீனமொழி நாடகத்துக்கென்று தனி டிப்ளோமாவே உண்டு, தமிழுக்கு அப்படி ஒன்று இல்லை. அது உண்மை. அந்த வருத்தம் எனக்கும் இருக்கிறது.

ஆனால் சிங்கப்பூர் நாடக வரலாற்றைப் புரட்டினால் தமிழ் ஓரத்தில் நிற்கவில்லை. 1988இல் சிங்கப்பூர் நாடகாசிரியர் குவோ பாவ் குன் ஒரு நாடகம் போட்டார். பூனையைத் தொலைத்துவிட்டுத் தேடும் ஒரு தாயின் கதை. ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழி, மாண்டரின், ஆங்கிலம் என்று பல மொழிகள் அதில் கலந்து வரும். ஹொக்கியன் மட்டும் தெரிந்த அந்த அம்மா, தமிழ் மட்டும் பேசும் ஒரு முதியவரைச் சந்திக்கிறாள். அவரும் பூனையைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. கையையும் முகத்தையும் வைத்துக்கொண்டே தங்கள் பூனைகளைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். பெற்ற பிள்ளைகளோடு பேச மொழியில்லாமல் போன ஒருத்திக்கு, யாரோ ஒரு தமிழ்த் தாத்தாவோடு பேச முடிகிறது. சிங்கப்பூரின் பன்மொழி நாடகங்களில் இதை முன்னோடி என்பார்கள். வகுப்பில் இதைப் படித்தபோது அந்தத் தமிழ் வரிகளைப் படித்துக் காட்ட என்னைத்தான் அழைத்தார்கள். பதினெட்டு பேரில் அந்தப் பெரியவர் என்ன சொல்கிறார் என்று மொழிபெயர்ப்பில்லாமல் தெரிந்தது எனக்கு மட்டும்தான்.

அதே குவோ பாவ் குன் 2000இல் நாடகக் கலைஞர் டி. சசிதரனோடு சேர்ந்து ஒரு நடிப்புப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். பிற்பாடு அது பண்பாட்டிடை நாடகக் கழகம் என்று பெயர் மாறியது. அங்கே மாணவர்கள் பயின்ற மரபுகள் நான்கு: கேரளத்துக் கூடியாட்டம், ஜப்பானின் நோ நாடகம், பெய்ஜிங் இசைநாடகம், ஜாவாவின் வயாங் வோங் நடன நாடகம். ஆசிய மரபை நடிப்புப் பயிற்சியின் நடுவில் வைப்பது என்ற எண்ணமே அன்றைக்குப் பெரிய விஷயம்.

நடனத்தில், பரத ஆசிரியர் சாந்தா பாஸ்கரைச் சொல்லாமல் முடியாது. 1958இலேயே சீனத்துப் பட்டாம்பூச்சிக் காதலர் கதையைப் பரதத்தில் மேடையேற்றினார். 1990இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். என்யுஎஸ்ஸின் இந்திய நடனக் குழுவை நீண்ட காலம் வழிநடத்தினார், 2022இல் காலமானார். எஞ்சினியரிங்கும் கணக்கியலும் படிக்கிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் செய்த படைப்புகளைப் பற்றி இன்னும் எழுத வேண்டியது நிறைய இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு தேடுகிற பிள்ளைக்குத் தமிழ் தெரிந்திருப்பது சொத்து. சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியம், நாடகம், இசை, நடனம் ஆகியவற்றின் பழைய பிரதிகளையும் நிகழ்ச்சித் தாள்களையும் படங்களையும் மின்மயமாக்கித் தேசிய நூலக வாரியம் வைத்திருக்கிறது. அவற்றைப் படிக்கக்கூடிய மாணவர்கள் எத்தனை பேர்?

வேறு பாடம் படித்துக்கொண்டே ஆடவும் நடிக்கவும் முடியாதா?

தாராளமாக. சொல்லப்போனால் பலருக்கு இதுதான் சரியான வழி. என்யுஎஸ் இந்திய நடனக் குழுவில் எந்தத் துறை மாணவரும் சேரலாம். என்யுஎஸ் மாணவர்களின் தமிழ்ப் பேரவை நடத்தும் "சங்கே முழங்கு" நாடக நிகழ்ச்சியில் நடிக்க, எழுத, மேடை அலங்காரம் செய்ய, டிக்கெட் விற்க எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். இன்று தமிழ் நாடகத்தில் இருக்கும் பலர் இப்படிப்பட்ட மாணவர் நாடகங்களில்தான் முதல் முறை மேடையேறினார்கள். தேர்வுக்கு முந்தின வாரம் ஒத்திகை இருக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

தேசிய சேவை முடித்துவிட்டுச் சேரலாமா?

சேரலாம். இடம் கிடைத்தால் அதை ஒதுக்கி வைத்திருப்பார்கள். நடனம் படிக்கப்போகிற பையன் என்றால் கட்டாயச் சேவையில் இருக்கும் அந்த இரண்டு ஆண்டுகளில் வார இறுதி வகுப்பை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

கட்டணம்?

ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் தொகையை இங்கே எழுதவில்லை, அந்தந்தக் கல்லூரியின் தளத்தில் பாருங்கள். தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: அரசாங்க மானியம் உள்ள பாடம்தானா என்று முதலில் கேளுங்கள். குடிமக்களுக்கு ஒப்பந்தம் ஏதும் இல்லை. நிரந்தரவாசிகளும் வெளிநாட்டு மாணவர்களும் மானியம் பெற்றால், படிப்பு முடிந்து மூன்று ஆண்டுகள் சிங்கப்பூரில் பதிவான நிறுவனத்தில் வேலை செய்யவேண்டும் என்று கையெழுத்து போட வேண்டும். கலைத்துறையில் அந்த மூன்று ஆண்டு வேலையைத் தேடுவது சிரமம். கையெழுத்து போடும் முன் யோசியுங்கள். வருமானம் குறைந்த குடும்பங்கள் சிண்டாவின் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின்) உதவித்தொகையையும் கல்லூரியின் சொந்த உதவித்தொகையையும் கேட்டுப் பாருங்கள். கேட்க வெட்கப்பட்டு விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

மேடை மேலாளர் என்றால் என்ன வேலை? திரை இழுப்பதா?

என் மாமா இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஒத்திகையில் யார் எந்த வசனத்தில் எங்கே நின்றார் என்று பென்சிலில் குறிப்பது நான். பென்சில்தான், ஏனென்றால் இயக்குநர் நாளை மாற்றுவார். நாற்காலி எங்கே இருக்க வேண்டும் என்று தரையில் வண்ண டேப் ஒட்டுவது நான். நிகழ்ச்சி நடக்கும்போது காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு விளக்குக்காரருக்கும் ஒலிக்காரருக்கும் "ஸ்டாண்ட்பை", "கோ" சொல்வதும் நான். "கோ" என்ற சொல் என் வாயிலிருந்து வராமல் எதுவும் மாறக் கூடாது. அதனால் ஹெட்செட்டில் சாதாரணப் பேச்சில்கூட அந்தச் சொல்லைத் தவிர்ப்போம். "சாப்பிடப் போகலாமா" என்று ஆங்கிலத்தில் கேட்டு ஒருமுறை மேடையை இருட்டாக்கியவர் உண்டு.

பரத நிகழ்ச்சி என்றால் கதை வேறு. ஜதி எனப்படும் தாளச் சொற்கோவையின் முடிவில் "ததிங்கிணதோம்" மூன்று முறை வரும். மூன்றாவது "தோம்" விழும் கணத்தில் விளக்கு மாற வேண்டும். முந்தினால் ஆடுபவர் இருட்டில் நிற்பார், பிந்தினால் ஏதோ பிசகிவிட்டதென்று பார்வையாளருக்குத் தெரிந்துவிடும். நேரத்தைப் பார்த்து இதைச் செய்ய முடியாது, ஏனென்றால் தாளம் போட்டு ஜதி சொல்லும் நட்டுவனார் அன்றைக்கு என்ன காலத்தில் பிடிக்கிறாரோ அதுதான் நேரம். என் முதல் நிகழ்ச்சியில் இரண்டாவது "தோம்"மிலேயே "கோ" சொல்லிவிட்டேன். அரங்கு முழுக்க இருட்டு, சலங்கைச் சத்தம் மட்டும் கேட்கிறது. அந்தப் பெண் நிறுத்தாமல் ஆடி முடித்தாள். அதற்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுப் பழகினேன்.

தமிழும் தாளமும் தெரிந்த மேடை மேலாளர்களும் விளக்குக்காரர்களும் இங்கே குறைவு. முகத்துக்கு அரிதாரம் பூச ஆசைப்படாத, ஆனால் மேடையைவிட்டு விலகவும் மனமில்லாத பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தப் பக்கம் தள்ளிவிடுங்கள்.

கடைசியில் சோற்றுக்கு வழி?

மாதச் சம்பளம் வேண்டும் என்றால் கலை நிர்வாகம், அரங்க வேலை, பள்ளி ஆசிரியர். பெரும்பாலானோர் சொந்தமாக ஒப்பந்தத்தில் வேலை செய்கிறார்கள். ஒரு மாதம் மூன்று நிகழ்ச்சி, மறு மாதம் ஒன்றும் இல்லை. தமிழ் மொழி விழா நடக்கும் ஏப்ரலிலும், எஸ்பிளனேட் கலை அரங்கில் கலா உற்சவம் என்ற இந்தியக் கலைவிழா நடக்கும் நவம்பர் வாக்கிலும் தமிழ்ப் பக்கத்துக் கலைஞர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஜூலையில் கூப்பிட்டால் காபி குடிக்க வருவார்கள். பள்ளிகளில் இணைப்பாட நடவடிக்கைக்குப் பயிற்சி கொடுப்பதுதான் பலருடைய நிலையான வருமானம். பள்ளிக் குழுக்கள் மேடையேறும் இளையர் விழா நடக்கும் ஆண்டுகளில் இந்திய நடனப் பயிற்றுநர்களைப் பிடிப்பதே கஷ்டம்.

இன்னொன்று, சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு முதலாளி மத்திய சேமநிதி கட்ட மாட்டார். ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் எனப்படும் மருத்துவச் சேமிப்பை மட்டும் நாமே கட்டியாக வேண்டும், மற்றது நம் பொறுப்பு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கப் போகும்போதுதான் பலருக்கு இது உறைக்கும்.

என் மகன் தமிழ் பேசுவான், எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். தமிழ் நாடகத்தில் சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்வார்கள். போன ஆண்டு ஒரு மாணவர் நாடகத்தில் நான் உதவிக்குப் போயிருந்தேன். முதல் நாள் பிரதியைக் கொடுத்தபோது ஒரு பையன் அதை வாங்கிக்கொண்டு மூலைக்குப் போய்விட்டான். எட்டிப் பார்த்தால், ஒவ்வொரு வரிக்கும் கீழே ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிக்கொண்டிருக்கிறான். ழகரம் வரும் இடத்தில் மட்டும் சிவப்பு மையில் வட்டம். யாரும் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பெண் அவளுடைய தாளில் இருந்த வட்டங்களைக் காட்டினாள், அவளுடையது றகரம். நான்காவது வாரத்தில் அவன் தாளில்லாமல் ஒத்திகைக்கு வந்தான். "மழை" என்ற சொல் வரும் வசனத்தில் ஒரு நொடி நிறுத்திவிட்டுச் சொன்னான். இயக்குநர் அந்த நிறுத்தம் நன்றாக இருக்கிறது, அப்படியே வைத்துக்கொள் என்றார். நானும் பென்சிலை எடுத்துப் பிரதியில் குறித்துக்கொண்டேன்.